நெஞ்சுக்கு ஒரு ஃபைல், வயிற்றுக்கு ஒரு ஃபைல்

என் மக்கா,

உன் கல்யாணக் கோட்டின் வேலை அநேகமாக முடிந்துவிட்டது. காலர் திருப்பியாகிவிட்டது, தோள் உட்கார்ந்துவிட்டது. கைப் பட்டன் நாலும், அடி ஓரத்துக் கைத்தையலும்தான் பாக்கி. பாறசாலையில் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைத்திருக்கிறேன். எந்தக் கோட்டும் என்னை இப்படி நடுவில் எழுந்து உட்கார வைத்து எழுதச் செய்ததில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். உன் "சரிப்பா"வுக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? காகிதத்தை அப்படி வாயடைக்க முடியாது. அதனால் அளவு வரையும் பழுப்புத் தாளிலேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி, படுத்துக்கொண்டு படிக்காதே. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

போன ஞாயிறு நம் சபையில் உனக்கும் ஜெபாவுக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை முதல் தடவை வாசித்தார்கள். அதற்காகவே நீ வேலை பார்க்கும் கழக்கூட்டத்திலிருந்து வந்திருந்தாய். உன் அம்மா மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்தாள், நீயும் அலுவலகத்தில் பட்டினி கிடந்தவனைப் போல வாரி வாரிச் சாப்பிட்டாய், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கடையைத் திறந்து உன்னை நிறுத்தி, கோட்டைப் போட்டுப் பார்த்தோம். மார்பில் டேப்பைச் சுற்றி, "மூச்ச இழு மக்கா" என்றேன். நீ இழுத்தாய். டேப் பாதியில் நின்றுவிட்டது. முதுகுத் தையலைப் பார்க்கக் குனிந்தவனுக்கு உன் முதுகுக்குள் ஒரு சீட்டி கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருஷமாக என் சொந்தச் சத்தம் அது.

"எலே, இது என்ன சத்தம்?" என்று கேட்டேன். "கேஸ் ஆக்கும்ப்பா. நமக்க வீட்டுல எல்லாருக்கும் கேஸ்தான்னு நீங்கதானே சொன்னிய" என்றாய். டாக்டர் தந்த தினசரி இன்ஹேலர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. அவசரத்துக்கு உள்ளது ஒண்ணு கையில உண்டு, அது போதும்" என்றாய். அதற்கும் மேலே ஒன்று கேட்டாய். "அப்பா, கோட்டுக்க உள்ளுக்க இடது பக்கம் சின்னதா ஒரு பை வச்சுத் தாருங்க. இன்ஹேலர் வைக்கத்தான். ஜெபாவுக்கோ அவளுக்க வீட்டுக்காரங்களுக்கோ தெரியாண்டாம்." நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சரி" என்றேன். சாக்பீஸை எடுத்து லைனிங்கில் ஒரு கோடும் போட்டேன். நீ பஸ்ஸுக்குப் போன பிறகு அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே இடத்தில், அதே நீளத்தில் நான் ஏற்கனவே ஒரு கோடு போட்டிருக்கிறேன் மக்கா. அது என் கல்யாணக் கோட்டில்.

கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எனக்கு மூச்சிளைப்பு ஆரம்பித்தது. சின்ன வயதில் வராதது, மீசை முளைத்துத் தொழில் பழகிய பிறகு வந்தது. துணித் தூசி என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நம்பினேன். பெண் பார்க்கப் போனபோது சொல்லவில்லை. இளைப்புக்காரன் என்று தெரிந்தால் யார் பெண் தருவார்கள் என்ற பயம். கோட்டின் உள்ளே ஒரு ரகசியப் பை தைத்து அதில் இளைப்பு மாத்திரையைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். நம் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார். எல்லாப் படத்திலும் நான் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பேன். "எவ்வளவு பக்தியான மாப்பிள்ளை" என்று போதகரே மெச்சினார். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாத்திரை விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து உன் அம்மா கோட்டை வெயிலில் போட எடுத்தபோது பையைக் கண்டுபிடித்துவிட்டாள். தைத்தவன் நான் என்பதால் தையல் ஒளிந்திருந்தது, ஆனால் தாளின் மொடமொடப்பு ஒளியவில்லை. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவள் சத்தம் போடவில்லை. "தீனம் இருக்கது குற்றமில்ல. சீக்கு ஆருக்கும் வரும். என்ன மூணு மாசம் ஒண்ணும் தெரியாத பொட்டியாக்கினியளே, அதாக்கும் குற்றம்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நான் ராத்திரி அடிக்கடி எழுந்து முற்றத்தில் போய் உட்காருவேன். அவள் தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கவில்லை. தன்னைப் பிடிக்காததால்தான் இவர் எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள். நான் ஒளித்து வைத்தது ஒரு மாத்திரையைத்தான். அவளுக்கு அது தன்னைப் பற்றிய தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு திருந்தினேனா என்றால், இல்லை. அடுத்து நான் செய்த முட்டாள்தனம் நம் கேரள எல்லைக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும். நாம் எப்படி வாழ்கிறோம் என்று உனக்குத் தெரியும். ரேஷன் இந்தப் பக்கம், காய்கறி அந்தப் பக்கம். மீன் இங்கே வாங்கினால் துணி மார்த்தாண்டத்தில். எது எங்கே நல்லது என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், அதில் நமக்கு ஒரு கெத்தும் உண்டு. வியாதியையும் நான் அப்படியே பங்கு வைத்துவிட்டேன். இளைப்புக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு நெஞ்சு டாக்டர். புளித்த ஏப்பத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் களியக்காவிளை தாண்டிப் போய் ஒரு வயிற்று டாக்டர். நெஞ்சு கேரளத்துக்கு, வயிறு தமிழ்நாட்டுக்கு. இரண்டு ஃபைல், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. இவரிடம் அவரைப் பற்றி நான் சொன்னதில்லை, அவரிடம் இவரைப் பற்றியும் சொன்னதில்லை. யாரும் கேட்காமலா இருந்தார்கள்? "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று இரண்டு பேரும் கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரு கடையில் நின்றுகொண்டு இன்னொரு கடையின் பெயரைச் சொல்லும் பழக்கம் நமக்குக் கிடையாதே.

பல வருஷம் இப்படி ஓடியது. உனக்கு நினைவிருக்கும், கல்யாண சீசனில் நான் மதியச் சோற்றை மூன்றரை மணிக்குத்தான் சாப்பிடுவேன், வயிறு முட்டச் சாப்பிடுவேன், உடனே மிஷினில் குனிந்து உட்காருவேன். அரை மணியில் இருமல் தொடங்கும். "தூசி கேறுது" என்று சொல்லி பால் விடாமல் ஒரு கட்டன் சாயா குடிப்பேன். கடையை அடைத்து வீட்டுக்கு வந்து மறுபடி முட்டச் சாப்பிட்டு, ஏப்பம் அடங்குவதற்குள் படுப்பேன். இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நான் துணியைத் தொடுவதே இல்லை, ஆனால் இளைப்பு அதிகமாக வந்ததெல்லாம் ஞாயிறு மதியம்தான். ஆராதனை முடிந்து இறைச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்த பிறகு. தூசியே இல்லாத நாளில் தூசி எப்படி வரும் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ஒரு காரணம் கையில் இருந்தால் மனுஷன் அடுத்த காரணத்தைத் தேடுவதில்லை.

விடை வந்தது உன் அம்மாவின் அவசரத்தால். நீ பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். ஒரு நாள் எனக்கு மூச்சு ரொம்பவும் முட்டியதால் நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டோம். நீல ஃபைலை எடுக்க வேண்டியவள் பதற்றத்தில் சிவப்பு ஃபைலை எடுத்துவிட்டாள். டாக்டரம்மா பிரித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம் புரட்டினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இது ஆருடே ஃபைலா?" என்றார். நான் திருட்டுமுழி முழித்தேன். "இத்ர கொல்லமாயிட்டு நெஞ்செரிச்சல் உண்டு, என்னோடு ஒரு வாக்கு பறஞ்ஞில்லல்லோ!" இத்தனை வருஷமாக நெஞ்செரிச்சல் இருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவர் கோபப்பட்டது நியாயம்தான். உன் அம்மா அந்தக் கோபத்தில் சேர்ந்துகொண்டு, "நல்லா கேளுங்க டாக்டர்" என்றாள்.

பிறகு அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அவர் மலையாளத்தில் சொன்னதை நான் நம் பேச்சில் சொல்கிறேன், கவனமாகக் கேள். சாப்பாடு இறங்கும் குழாயும் மூச்சு இறங்கும் குழாயும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரைப்பையின் வாசலில் ஒரு வளையம் உண்டு; சாப்பாடு உள்ளே போனதும் அது இறுக மூட வேண்டும். அது தளர்ந்துபோனால், நைந்த எலாஸ்டிக் வைத்த நிக்கர் மாதிரி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறும். ஏறியது சில நேரம் துளித்துளியாக மூச்சுக் குழாய்க்குள்ளும் போய்விடும். உள்ளே போகாவிட்டாலும், சாப்பாட்டுக் குழாய் எரிந்தால் போதும், பக்கத்து நரம்பு வழியாக மூச்சுக் குழாய்களும் சுருங்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மூச்சுக்குத் திணறும்போது நெஞ்சு கொடுக்கும் அழுத்தத்தில் புளிப்பு இன்னும் மேலே வரும். இளைப்புக்குத் தரும் சில மாத்திரைகளே அந்த வளையத்தைத் தளர்த்துவதும் உண்டு. நான் நெஞ்சுக்காக விழுங்கிய பழைய மாத்திரை அந்த வகையாம். அதாவது இந்தப் பக்கத்து மருந்து அந்தப் பக்கத்து நோயை வளர்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கத்து டாக்டர் ஏன் குறையவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார், நான் நடுவில் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, இரண்டு ஃபைலின் அட்டையையும் கிழித்து, தாள்களை வருஷ வரிசையில் அடுக்கி, மிஷினில் வைத்து ஒரே புத்தகமாக அடித்துவிட்டேன். ஊசி ஒன்று உடைந்தது. போகட்டும்.

இதுவரை உனக்கு ஓரளவு தெரிந்த கதை. இனி சொல்லப்போவதுதான் நான் உன்னிடம் மறைத்தது. டாக்டரம்மா வயிற்றுக்கு மாத்திரை தந்தார், பழைய இளைப்பு மாத்திரையை நிறுத்தினார், தினமும் காலையும் மாலையும் இழுக்க ஒரு இன்ஹேலரும், முட்டும்போது அடிக்க ஒன்றும் தந்தார். எழுந்தேன். நான் கதவருகே போன பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். வயிறு அடங்கினால் நெஞ்சு லேசாகும், அதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எல்லோருக்கும் வயிற்றைச் சரிசெய்தால் ஆஸ்துமா போய்விடும் என்று கிடையாது, என்றார். உன் அம்மா காது கொடுத்துக் கேட்டாள். நான் கேட்டும் கேட்காதவன் போல வந்துவிட்டேன். ஏனென்றால் என் காதில் வேறொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது: எனக்கு இருப்பது இளைப்பு இல்லை, வெறும் கேஸ்! அந்தச் சந்தோஷத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும் மக்கா. ஆஸ்துமா என்றால் ஊர் பரிதாபமாகப் பார்க்கும். கேஸ் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். சில மாதம் வயிற்றைப் பார்த்துக்கொண்டதில் உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் இரண்டு இன்ஹேலரையும் வெட்டுத்துணிச் சாக்கில் போட்டு, சாக்கைக் கழிவுத்துணி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. மறுபடியும் மறைப்பு. கை பழகிய வேலை பார்.

அப்புறம் குன்னத்துகாலில் என் தங்கை, உன் அத்தை, புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாளே, அந்த நாள். நீ கல்லூரிக் கடைசி வருஷம். இலை நிறையச் சாப்பாடு, மூன்று வகைப் பாயசம். நான் மூன்றையும் விடவில்லை. "புது வீட்டுல எல்லாருக்கும் முன்ன ஆதியம் படுக்கது நானாக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தரையில் பாய் விரித்துத் தலையணைகூட இல்லாமல் படுத்தேன். கண் அயர்ந்த சற்று நேரத்தில் தொண்டையில் புளிப்பு ஏறி, புரை ஏறி, அப்படியே மூச்சு அடைத்தது. மீதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "அப்பா, இன்ஹேலர் எங்க? எங்கப்பா?" என்று என் சட்டைப் பையை எல்லாம் நீ துழாவினாய். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? ஆட்டோவில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, பின்னால் நீ உட்கார்ந்து, என் முதுகை உன் நெஞ்சில் தாங்கிக்கொண்டே நெய்யாற்றின்கரை வரை வந்தாய். உன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டுப் புகை மருந்து கொடுத்து, ஊசி போட்டு, ஒரு வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் நீ என்னிடம் கேட்டாய், "அப்பா, என்னத்துக்கு அப்பிடி ஆச்சு?" உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வளர்ந்த பிள்ளையின் முன்னால், மருந்தை நானே எறிந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "கேஸ் கேறினதாக்கும் மக்கா, நமக்க வீட்டுல எல்லாருக்கும் கேஸ்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நீ இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, போன ஞாயிறு என்னிடமே திருப்பித் தந்தாய். உனக்கு இருமல் வந்து, கழக்கூட்டத்து டாக்டர் ஆஸ்துமாவும் உண்டு, வயிறும் அதைக் கிளப்புகிறது என்று இரண்டுக்கும் மருந்து தந்தபோதுகூட நான் மறுபாதியைச் சொல்லவில்லை. நீ தினசரி இன்ஹேலரை நிறுத்தியதற்குக் காரணம் உன் அசட்டை பாதி என்றால், என் பொய் பாதி. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன் என்பதால் இனி இறங்கிப் பேசுவேன் என்று நினைக்காதே. இந்த வாரமே உன் டாக்டரிடம் போ. நிறுத்தியதை நிறுத்தினேன் என்று சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள். தினசரி இழுப்பது வேறு, முட்டும்போது அடிப்பது வேறு. இரண்டாவது கையில் இருப்பதால் முதலாவது வேண்டாம் என்பது, குடை இருக்கிறதே என்று கூரையைப் பிரிப்பது போல. எனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே அப்பா என்பாய். சிலருக்கு எரிச்சலே தெரியாது, இருமலும் கரகரப்பும் மட்டும்தான் காட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உனக்கு எது என்பதை உன் டாக்டர் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேண்டாம். வெளிநாட்டுக்காரர்களின் நேரத்துக்கு நீ வேலை செய்கிறாய், அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் சாப்பிடலாம். எல்லா வேலையும் முடித்துவிட்டுப் பொறோட்டாவும் இறைச்சியும் பார்சல் வாங்கி வந்து, தின்ற கையோடு போனைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுப்பதை விடு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். பெல்ட்டை இறுக்காதே, உன் பேண்ட் இடுப்பை நான் அரை இஞ்சு தளர்த்தியே வைத்திருக்கிறேன், அதை இறுக்கித் தரச் சொல்லி வேறு தையல்காரனிடம் போனால் எனக்குத் தெரிந்துவிடும். எது சாப்பிட்டால் உனக்கு இருமல் வருகிறது என்று நீயே கவனி. எனக்குச் சாளைக் குழம்பு ஒன்றும் செய்யாது, கட்டன் சாயாதான் எதிரி. உனக்கு வேறாக இருக்கலாம்.

நம் வீட்டுக் கட்டில் ஏன் தலைப்பக்கம் தூக்கி நிற்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் மோசம். கட்டில் கால்களையே உயர்த்த வேண்டும். உன் புதுக் கட்டிலுக்கும் இரண்டு மரக்கட்டை ஆசாரியிடம் சொல்லியாயிற்று, அயனி மரத்தில். ஜெபா முதல் நாளே கேட்பாள், இந்தக் கட்டில் ஏன் சரிந்து நிற்கிறது என்று. தரை கோணல் என்பாயா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளிடமா?

ஒரு விஷயம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை செங்கல் ஊரிலிருந்து ஜெபாவின் அம்மா போன் செய்தார். "மோனு நல்ல சுமயாணல்லோ, எந்தா காரியம்?" மகனுக்கு நல்ல இருமலாக இருக்கிறதே, என்ன விஷயம் என்று கேட்டார். போனில் நீ இருமியதை அவரும் கேட்டிருக்கிறார். "பொடி ஆக்கும், பொடி" என்று என் வாய் சொல்லிவிட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே தூசி. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள். என் பழைய கோட்டை அலமாரியிலிருந்து எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி மிஷின் மேல் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பை இப்போதும் அப்படியே இருக்கிறது மக்கா. நூல்கூட விடவில்லை. நான் நல்ல தையல்காரன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிறு இரண்டாம் வாசிப்பு, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. வாசித்து முடித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் போதகர். நான் எழுந்து நிற்கப்போவதில்லை, பயப்படாதே. ஆஸ்துமா ஒரு தடையே இல்லை; மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு எத்தனை பேர் ஓடுகிறார்கள், பாடுகிறார்கள், மலையேறுகிறார்கள். ஆனால் மூன்றாம் வாசிப்புக்கு முன்னால் நீ ஜெபாவிடம் சொல்லியிருக்க வேண்டும். போனில் இல்லை, நேரில். உன் வாயால். நான் சொல்ல மாட்டேன், உன் அம்மாவும் சொல்ல மாட்டாள், அது உன் வேலை. ஆனால் ஜெபாவின் அம்மா மறுபடி கேட்டால் நான் பொடி என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, உனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் சொல்லாமல் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்தவன். நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இன்ஹேலர் அடிப்பாய். அவள் கதவுக்கு வெளியே நின்று, தன்னிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் உனக்கு மூச்சு அடைக்கும்போது பக்கத்தில் இருப்பவள் அவள்தான். எங்கே இருக்கிறது, எப்படி அடிக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒன்றும் தெரியாமல், அன்று நீ என் பைகளைத் துழாவியது போலத் துழாவுவாள். அதை அவளுக்குச் செய்யாதே. உன்னை ஆட்டோவில் நிமிர்த்திப் பிடிக்க அப்போது நான் இருப்பேனோ இல்லையோ.

நீ இதைப் படிக்கும்போது உன் அம்மா கோட்டைக் கொண்டுவந்து தந்திருப்பாள். போட்டுப் பார்த்துவிட்டு, நீ கேட்ட உள்பை எங்கே என்று லைனிங்கைத் தடவாதே. சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டேன். உன் கோட்டில் உள்பையே கிடையாது. வெளியே, இடது மார்பில் ஒரு பை வைத்திருக்கிறேன். கைக்குட்டைக்கு வைக்கும் அளவில் இல்லை. என் இன்ஹேலரை வைத்து அளந்து வெட்டினேன். வைத்தால் தலைப்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியும். தெரியட்டும் என்றுதான் அப்படி வெட்டினேன். இந்தக் கடிதமும் அந்தப் பையில்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கும்போது என்னைப் போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்காதே மக்கா. அந்தக் கை ஜெபாவின் கையைப் பிடித்திருக்கட்டும்.

உன் அப்பா